கயிறு பிடிப்பவளின் இடம்

கொண்டல் என்று நம் முன்னோர் மழையோடு சேர்த்துப் பெயர் சூட்டிய கீழைக்காற்று, நுகுலேய்த் தீவுக்கு மழையைக் கொண்டுவருவதில்லை. உப்பைக் கொண்டுவரும், வறட்சியைக் கொண்டுவரும், கடலடியின் கலங்கலையெல்லாம் வாரிக் கரைவரை கொண்டுவந்து கொட்டும். அக்காற்று எழுந்துவிட்டால் படகுகள் புன்னை நிழலில் கவிழ்ந்து கிடக்கும். கிணற்றில் வாளி தரை தட்டும். தென்னங்கீற்றுகள் ஒரே திசைக்குத் தலை சாய்த்து, எதையோ ஓயாமல் வேண்டிக்கொள்பவைபோல் முணுமுணுக்கும். ஊராரின் குரலும் தாழ்ந்துபோகும். பருவம் முழுதும் தீவே நோன்பில் அமர்ந்திருப்பதாகத் தோன்றும்; அந்நோன்பு முடியும் நாளைக் கடல்தான் சொல்ல வேண்டும், மாந்தர் சொல்ல இயலாது.

அவ்வாண்டும் அது இரட்டை நோன்பாகவே இருந்தது. காற்று ஒருபுறம் கடலை அடைத்திருந்தது. மறுபுறம், ஊரே கூடிக் கோயிலில் செபித்து அடைத்த சாசி என்னும் விலக்கு. பவளத்திட்டின் லோலாச் சங்கை எவரும் தொடலாகாது என்று மூன்றாண்டுகளுக்கு முன் போதகர் கொஸ்தான்சா அம்மா விலக்கு வைத்து, கரையில் நட்ட கம்பில் குருத்தோலை கட்டினார். ஓலை காய்ந்து உதிரும்போதெல்லாம் புதுக் குருத்தைக் கட்டினார்களேயன்றி ஒரு சங்கைத் தொட்டவரில்லை. மனிதன் பார்க்காவிட்டாலும் கட்டிய செபம் பார்க்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவ்வாண்டு காற்று தணிந்ததும் வரும் முதல் ஞாயிறன்று சாசி திறக்கும்.

திறக்கும் நாளில் ஊர்ப் படகுகளுக்கெல்லாம் முன்னதாக ஒற்றைப் படகு போகும். அதில் மூவர். பின்னே துடுப்புக்கு ஒருவர். முன்னணியத்தில் முதலில் மூழ்குபவள். நடுவில் கயிறு பிடிப்பவள். முதல் மூழ்கல் பெண்ணுக்கே உரியது. இருபத்தேழு ஆண்டுகளாக அவ்விடம் பத்சேபாவுடையது. துடுப்பு அவள் தம்பி எலியாசரிடம். கயிறு அவள் மகள் யாகோமினாவிடம். ஊர் அவளை மினா என்று அழைக்கும்.

பத்சேபா பேச்சு வற்றியவள். கணவன் வணிகப் படகொன்றில் வேலைக்குப் போய்த் திரும்பாதவன். "தண்ணி எடு", "தீயத் தள்ளு", "பாயச் சுருட்டு" — பிறந்த நாள்முதல் தாய் தன்னிடம் பேசியதையெல்லாம் கூடையிலிட்டால் கூடையின் அடி மறையாது என்று மினா நினைத்துக்கொள்வாள். ஆயினும் குறைப்பட்டதில்லை. கயிறு இருந்தது. ஒரு முனை தாயின் இடுப்பில், மறு முனை அவள் கையில். அடியில் தாய் எங்கே நகர்கிறாள், எந்தப் பாறையடியில் கைவிடுகிறாள், எப்போது அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்பதெல்லாம் மகளின் உள்ளங்கைக்கு வந்து சேரும். அவர்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொண்டது அந்தக் கயிற்றின் வழியாகத்தான்.

அவ்வீட்டுக்கு லாரஸ் வந்து சேர்ந்தாள்.

காற்று கடலை அடைக்கும் முன் துவால் துறைமுகத்திலிருந்து வந்த கடைசிப் படகில் வந்தவள். ஜாவாக்காரி, முக்காடிட்ட மெலிந்த பெண், பல்கலைக்கழகத்துக்காரி. தூரத் தீவுகளுக்கு அரசு அனுப்பும் உதவிகள் அங்கே போய் என்னவாகின்றன, மக்கள் தாமே எதை எப்படி நடத்திக்கொள்கின்றனர் என்று ஆராய வந்திருந்தாள். ஊர்த்தலைவர் அவளைப் பத்சேபா வீட்டில் தங்கவைத்தார்.

முதல் நாளே அவள் எலியாசரிடம், அரசு முன்பு அனுப்பிய பெரிய ஐஸ்பெட்டி எங்கே என்று கேட்டாள்.

"வாங்க, காட்டுறேன்" என்று அவர் அழைத்துப்போய்க் கொட்டகைக்குள் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு கோழி அடைகாத்தவாறே அவர்களை முறைத்தது. "கரண்டு வரல. கோழி வந்துச்சு. அடுத்த தடவ கோழியக் குடுக்கச் சொல்லுங்க, பெட்டிய நாங்க பாத்துக்குறோம்."

ஊர் சிரித்தது, லாரஸும் சிரித்தாள். அப்போது மினாவும் சிரித்தவள்தான்.

சிரிப்பு அடங்கியது சட்டிகளால். பன்றி நெய் பட்ட சட்டியில் விருந்தாளி உண்ணமாட்டாள் என்று, பத்சேபா அவள் வந்த படகிலேயே வந்திருந்த புகிஸ் இனத்து வியாபாரியிடம் புதுச் சட்டி ஒன்றும் பூப்போட்ட தட்டு இரண்டும் வாங்கினாள். மினாவின் தட்டு, எனாமல் பெயர்ந்து கறுத்த பழைய தட்டு. அவள் அதைக் கழுவும்போதெல்லாம் பக்கத்தில் கவிழ்ந்திருந்த பூப்போட்ட தட்டு அவளைப் பார்ப்பதாகத் தோன்றியது. சாளரத்தடிப் பாய் விருந்தாளிக்குப் போயிற்று. மீனின் கன்னத்துச் சதை விருந்தாளிக்குப் போயிற்று. இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை. பொறுக்கமுடியாதது வேறொன்று. தாய் பேசத் தொடங்கினாள்.

அந்தப் பருவத்தின் வேலை கசப்பு மரவள்ளி. கிழங்கைத் தோலுரித்துத் துருவி, சாக்கிலிட்டு, மேலே பாறாங்கல் ஏற்றி நஞ்சுப் பாலைப் பிழிந்து, உலர்ந்த மாவை அச்சிலிட்டு அடையாகச் சுடுவார்கள். நாள் முழுதும் துருவல். துருவலின்மேல் குனிந்திருக்கும் பத்சேபாவின் எதிரே லாரஸ் அமர்ந்து மலாயில் கேட்பாள். பத்சேபா தீவின் மொழியில் விடை சொல்வாள். "மலாயி சந்தைப் பேச்சு. இதெல்லாம் அதுல வராது. நீ நடுவுல உக்காந்து சொல்லு" என்று முதல் நாளே மகளை இருத்திவிட்டாள். ஆகவே ஒவ்வொரு சொல்லும் மினாவின் வாய்வழியே போக வேண்டியிருந்தது.

"நீங்கதான் முதல்ல முங்குவீங்களாமே. முதமுதலா முங்கின நாள் ஞாபகம் இருக்கா?" என்று லாரஸ் ஒருநாள் கேட்டாள்.

மினா அதைத் தாய்க்குச் சொன்னாள்.

பத்சேபா நிமிரவில்லை. துருவல் ஓசையும் நிற்கவில்லை. "சொல்லு அவளுக்கு. என் மாமியாதான் அதுவரைக்கும் முங்குனவ. படுத்துட்டா. வேற ஆளில்ல. அப்ப மினா என் வயித்துல அஞ்சு மாசம். அதுவரைக்கும் ஒரு அசைவு கிடையாது. புள்ள செத்துப்போச்சோன்னு எனக்கு ராவும் பகலும் பயம். யாருகிட்டச் சொல்றது? புருஷன் கடல்ல. சரி, போறதுன்னா ரெண்டு பேரும் சேந்தே போவோம்னு குதிச்சேன். அடியில காது அடைக்குது, கண்ணு எரியுது. சங்கு கையில வந்துருச்சு. அந்த நேரம் பாத்து உள்ள இருந்து ஒரு உதை விட்டா பாரு. தண்ணிக்குள்ளயே சிரிச்சுப்புட்டேன். சிரிச்சா மூச்சு போகும்ல? வாயெல்லாம் உப்புத்தண்ணி. சாவப் பாத்தேன். மேல வந்து இருமுனேன், எல்லாரும் அழுவுறேன்னு நெனச்சாங்க."

மினாவின் கையில் பாதி துருவிய கிழங்கு நின்றுவிட்டது. தான் உயிரோடிருப்பதைத் தாய் முதன்முதல் அறிந்த கணம் அது. இத்தனை ஆண்டுகள் அவளுக்குச் சொல்லப்படாதது. இன்று யாரோ ஒருத்தி கேட்டாள், தாய் அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?" லாரஸின் எழுதுகோல் காத்திருந்தது.

"கர்ப்பமா இருக்குறப்ப முங்கினாங்களாம்."

"இவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"அவ்வளவுதான்."

பிழியாத மாவும் பிழிந்த மாவும் பார்வைக்கு ஒன்றே, இரண்டும் வெண்மை. உண்டவர்க்குத்தான் தெரியும் நஞ்சு எதிலென்று. மினாவின் உள்ளத்திலும் அன்றுமுதல் பிழியாத ஏதோ ஒன்று தங்கிவிட்டது. தாய் ஒரு குடம் பேசினால் அவள் ஒரு சிரட்டை ஊற்றினாள். கதைகளின் சதையைத் தனக்கென்று வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் விருந்தாளிக்கு இட்டாள். அப்போதும் ஆறவில்லை. இரவல் வாங்கியதை எவ்வளவு பதுக்கினாலும் அது தனதாகாது அல்லவா?

கிணற்றடியில் எலியாசர் வாளியோடு நின்று சீண்டினார். "என்ன மருமகளே, புதுப் பொண்ணு வந்ததும் பழைய பொண்ணு தண்ணிக்கு வந்துருச்சு?"

"எப்பவும் நான்தான மாமா தண்ணிக்கு வர்றேன்."

"எப்பவும் வர்ற. இப்பத்தான் வாளிய இந்தப் போடு போடுற. கிணறு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒங்க அக்காவக் கேளுங்க. இப்பல்லாம் நல்லாப் பேசுது."

"பேசுதா? அதிசயந்தான்" என்று அவர் அவளை ஒருகணம் கூர்ந்து பார்த்துவிட்டு வாளியை இறக்கினார்.

காற்று ஒருநாள் விடியலில் தளர்ந்தது. கீற்றுகள் நிமிர்ந்தன. வருகிற ஞாயிறன்று சாசி திறக்கும் என்று போதகர் அம்மா கோயிலில் அறிவித்தார். நாளைக்கே துவாலுக்கு ஒரு படகு புறப்படும் என்றும் பேச்சு வந்தது.

அன்று மாலை, அடை சுடும் அடுப்பின் முன், லாரஸ் ஒன்றும் கேளாமலே பத்சேபா தொடங்கினாள். "அவளுக்குச் சொல்லு. ஞாயித்துக்கிழமை அவ நம்ம படகுல வரணும். நடுவுல உக்காரட்டும். கயித்த அவ புடிக்கட்டும். நான்—"

மினா எழுந்துவிட்டாள். அச்சிலிருந்த அடை சாம்பலில் விழுந்தது. தாய் ஒரு கணம் மகளைப் பார்த்துவிட்டு, விறகெடுக்க வெளியே போனாள்.

"என்ன சொல்றாங்க அக்கா?" என்றாள் லாரஸ்.

மினாவின் வாய் மலாயில் தானாகவே பேசிற்று. "சாசி திறக்குறத வெளியாளு பாக்கக்கூடாதாம். விலக்காம். நாளைக்குப் படகு போகுதாம். நீ அதுல போயிட்டா நல்லதுன்னு சொல்றாங்க."

லாரஸின் முகம் சிவந்து, பின் வெளுத்தது. "விலக்குன்னா சரி. நான் மீற மாட்டேன்" என்றாள். வாதாடவில்லை. வாதாடியிருந்தால் மினாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

காலையில் பத்சேபா தோட்டத்துக்குப் போயிருந்தபோது லாரஸ் தன் பையைக் கட்டினாள். புதுச் சட்டியையும் பூப்போட்ட தட்டுகளையும் துலக்கி அடுப்பருகே கவிழ்த்துவிட்டுப் போனாள். அன்று புறப்பட வேண்டிய படகின் எந்திரம் பழுது. ஆகவே போதகர் அம்மா வீட்டில் தங்கினாள். பத்சேபா கிழங்குக் கூடையோடு திரும்பி, வெறும் பாயையும் கவிழ்ந்த சட்டியையும் பார்த்தாள்.

"எங்க அந்தப் புள்ள?"

"போதகர் வீட்டுக்குப் போயிட்டா."

"ஏன்?"

"தெரியல."

பத்சேபா கூடையை இறக்கினாள், கத்தியைத் தேடினாள், துருவத் தொடங்கினாள். மினா எதிரே, லாரஸ் அமர்ந்திருந்த இடத்தில் அமர்ந்தாள். நடுவில் இப்போது யாருமில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. நெடுநேரம் துருவல் ஓசையைக் கேட்டிருந்தாள். பிறகு துணிந்து, லாரஸ் கேட்பதுபோலவே கேட்டாள்.

"அம்மா, நான் வயித்துல உதைச்சேன்னு சொன்னியே, அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன பண்ணுன?"

"சாக்க இறுக்கிப் புடி. மாவு சிந்துது."

"அப்பாவுக்குத் தெரியுமா அது?"

"கல்லத் தூக்கி வையி."

அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது. அந்த வாரம் முழுதும் அவ்வீட்டில் பேசியவை தண்ணீர், தீ, பாய். மூடிய சட்டியினருகே பசியோடு அமர்ந்திருப்பவள் போல மினா தாயருகே சுற்றிச் சுற்றி வந்தாள்.

சனிக்கிழமை படகின் விரிசல்களைப் பிசினால் அடைத்துக்கொண்டிருந்த எலியாசருக்குச் சிரட்டை பிடிக்கப் போனாள். அவர் வேலையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஜாவாப் புள்ளைய ஏன் வெரட்டுன?"

"நான் வெரட்டல. அம்மாதான்..."

"பொய் சொல்லாத. பிசின் ஒட்டாது."

மினாவின் கண் நிறைந்தது. "அவகிட்ட எல்லாத்தையும் சொல்லுது மாமா. நான் பொறந்த கதைய அவகிட்டச் சொல்லுது. என் கயித்தயும் அவளுக்குக் குடுக்குதாம். பெத்த மக நான் எதுக்கு? மொழிபெயர்க்கவா?"

எலியாசர் சிரட்டையை வாங்கிக் கீழே வைத்தார். "அந்தப் புகிஸ்காரன்கிட்ட ஒங்கம்மா சட்டிக்குப் பேரம் பேசுனப்ப நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"எந்த மொழியில பேசுனா?"

"மலாயில."

"அவன் கடைசியில என்ன ஆனான்?"

"பாதி விலைக்குக் குடுத்துட்டு, இனிமே இந்தக் கரைக்கு வரமாட்டேன்னு போனான்."

"அப்ப ஜாவாப் புள்ளைகிட்டப் பேச ஒன் வாயி எதுக்குடி அவளுக்கு? மலாயிலயே சொல்லியிருக்கமாட்டாளா? அவளுக்கு வேண்டியது ஒன் வாயி இல்ல. ஒன் காது."

மினா கையில் ஒட்டிய பிசினைத் தேய்த்தாள்.

"நம்ம ஊரு வழக்கத்த மறந்துட்டியா? சோறு ஊட்டுன கையால துக்கத்த ஊட்டக்கூடாது. தாயி தன் மனசுல கெடக்குறதப் புள்ள முகத்தப் பாத்துச் சொன்னா, அந்தக் கல்லு புள்ள கழுத்துல ஏறும். விருந்தாளிகிட்டத்தான் சொல்லணும், புள்ள ஓரமா உக்காந்து கேட்டுக்கணும். எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு எனக்கு யாரு சொன்னா? ஒரு சீனக் கடைக்காரன் வந்து ராத்தங்குனான். எங்கம்மா அவன முன்னால உக்காத்தி வெச்சு அம்புட்டையும் சொல்லிச்சு. அவனுக்கு ஒரு எழவும் புரியல. தலையத் தலைய ஆட்டுறான், ரெண்டு தடவ கும்பிடுறான். நான் மூலையில உக்காந்து அழுதேன்." சிரட்டையை மீண்டும் அவள் கையில் கொடுத்தார். "எத்தன வருஷமா ஒங்கம்மா ஒரு விருந்தாளிக்குக் காத்துக் கெடந்தாளோ. வந்தவள நீ வெரட்டிட்ட."

வழக்கத்தை அவள் அறியாதவள் அல்லள். தெரிந்த வழக்கத்தையே பொறாமை மறைத்துவிட்டது. சிரட்டையைப் படகின்மேல் வைத்துவிட்டுப் போதகர் வீட்டை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமாயிற்று.

லாரஸ் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மினா மூச்சுவாங்க நின்று, "விலக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அம்மா ஒன்னப் படகுல வரச்சொல்லிச்சு. நான்தான் மாத்திச் சொன்னேன்" என்றாள்.

லாரஸ் துணியை உதறினாள். அந்த உதறலில் சினம் இருந்தது. "முதல் நாளிலிருந்தே மாத்தித்தானே சொல்ற? உங்கம்மா ஒரு பானை கொதிக்கிற நேரம் பேசுவாங்க, நீ மூணு வார்த்தை சொல்லுவ. நான் என்ன முட்டாளா?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

"என்னன்னு கேக்குறது? உங்கம்மா பேசுறப்ப உன் முகத்தப் பாப்பேன். அழற மாதிரி இருக்கும், சிரிக்கிற மாதிரி இருக்கும். எல்லாம் உனக்குத்தான் போகுது. எனக்கு அந்த மூணு வார்த்தை. வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா உன்னப் பாத்து?"

மினா திகைத்தாள். தன்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறெரியக் கூடும் என்பது அவள் நினைத்தறியாதது. பின்பு உலர்ந்தும் உலராத துணிகளையெல்லாம் கொடியிலிருந்து உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "வா. கோவத்த எங்க வீட்டுல வந்து காட்டு. அங்க மீன் இருக்கு."

லாரஸ் சிரிக்காமலிருக்க முயன்று தோற்றாள்.

இருவரும் உள்ளே நுழைந்தபோது பத்சேபா புதுச் சட்டியை நிமிர்த்தினாள். மஞ்சள் குழம்பில் மீன் கொதித்தது, அடை வெந்தது. உண்டு முடித்ததும் அவள் கை கழுவி, இடுப்புத் துணியில் துடைத்து, லாரஸை எதிரே இருத்தி, மினாவுக்கு நடுவிடத்தைக் கண்ணால் காட்டினாள்.

"சொல்லு அவளுக்கு. என் வலது காது செத்துப்போச்சு. போன தடவையே அடியில ரத்தம் வந்துச்சு. யாருக்கும் சொல்லல."

மினா சொன்னாள். இம்முறை சிரட்டையால் ஊற்றவில்லை, குடத்தோடு கவிழ்த்தாள்.

"இனிமே நான் முங்கமாட்டேன். ஊரு கேக்கும், அப்ப யாருன்னு. அதுக்குத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன். கயித்த இந்தப் புள்ள புடிக்கட்டும். ஏன்னா கயிறு புடிச்சவ முன்னால போகணும்."

மொழிபெயர்ப்பவளாகையால் தாயின் 'நான்' மினாவின் வாயிலும் 'நான்' என்றே வர வேண்டியிருந்தது. "கயித்த நீ புடிக்கணும். ஏன்னா... ஏன்னா என் இடத்துக்கு என் மக மினா போறா."

"அவளவிட அந்தத் திட்டு யாருக்கும் தெரியாது. என் கூடவே அடிக்கு வந்தவ அவ, கையால" என்றாள் பத்சேபா.

"அவளவிட..." என்று தொடங்கிய மினாவால் உடனே முடிக்க இயலவில்லை. லாரஸ் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அழுகை வடிந்தபின் மினா அதையும் சொல்லி முடித்தாள்.

"இன்னொண்ணு. அதையும் விடாமச் சொல்லணும்" என்றாள் பத்சேபா. அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "என் மக பொறாமைக்காரி. வேற எங்கயிருந்தும் வரல அது. என் புருஷன் பக்கத்துத் தீவுக்காரிக்கு ஒரு மீன் குடுத்தான்னு அவன் வலைய அறுத்தவ நான்."

மினா அதையும் ஒரு சொல் குறையாமல் மலாயில் சொன்னாள். லாரஸ் வாய்பொத்திச் சிரித்தாள். வெளியே வலை மடித்துக்கொண்டிருந்த எலியாசரின் குரல் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது: "ஒரு மீனில்ல, ரெண்டு!"

ஞாயிறு விடிந்தது. கடல் ஒரு பெரிய இலைபோல் அசைவற்றுக் கிடந்தது. ஊரெல்லாம் வெள்ளுடுத்துக் கரையில் நின்றது. போதகர் அம்மா கம்பிலிருந்த ஓலையை அவிழ்த்து, அடைத்தவரே திறப்பவர், கொடுப்பவரும் அவரே என்று செபித்தார். ஆண்களும் பெண்களும் நான்கு குரலில் பாடிய பாட்டு நீரின்மேல் நெடுந்தூரம் போய்த் திரும்பவில்லை.

பத்சேபா முழங்காலளவு நீரில் நின்று கயிற்றை மகளின் இடுப்பில் தானே கட்டினாள். முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தாள். மறு முனையை லாரஸின் கையில் சுற்றி விரல்களை மூடினாள். எலியாசர் துடுப்பை நீரில் ஊன்றினார்.

மினா முன்னணியத்தில் மண்டியிட்டாள். செபத்துக்குரிய சொற்கள் ஒன்றும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. குனிந்து, ஈர மரத்தில் நெற்றியைப் பதித்து, ஒரு மூச்சு முழுதும் அப்படியே இருந்தாள். பிறகு வலக்கையால் கடலை அள்ளி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

படகைத் தள்ளிவிட்ட பத்சேபா இடையில் யாரையும் தேடவில்லை. மகளின் முகத்தை நேரே பார்த்தாள்.

"போயிட்டு வா மினா. கர்த்தர் ஒனக்கு நீளமான மூச்சத் தரட்டும். கடல் ஒன்னத் தன் புள்ளையா எடுத்து, என் புள்ளையாத் திருப்பித் தரட்டும்."